சிறைக்கோட்டம் புகுந்த அருள்



‘தொண்டில் கனிந்த வாழ்வு’ என்னும் பொருள்பற்றி இப்பத்தாம் ஆண்டு விழாவில் பேசுமாறு பணித்தீர்கள். தொண்டு என்றவுடன் தமிழ் நெஞ்சில் முதலில் தோன்றுபவள் மணிமேகலை. அமுதசுரபியை ஏந்திச் சிறைக்கோட்டம் புகுந்து, அங்கிருந்தோர் பசியைப் போக்கி, அச்சிறையையே அறக்கோட்டம் ஆக்குமாறு மன்னனிடம் வேண்டியவள் அவள். ஆனால் அவள் துறவி. அவளைப் பின்னின்று இழுக்க ஒரு தொட்டில் இல்லை. கணவனும் பிள்ளைகளும் கடன்சுமையும் உடைய இல்லறத்தாள் ஒருத்தி அவ்வழியில் நடக்க முடியுமா? நடந்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டின் எலிசபெத் ஃபிரை.

1780ஆம் ஆண்டு நார்விச் நகரில், செல்வம் மிக்க கர்னி குடும்பத்தில் பிறந்தவர் அவர். பன்னிரண்டு வயதில் தாயை இழந்தார். குவேக்கர் எனப்படும் நண்பர் சபையைச் சேர்ந்தது அக்குடும்பம். அச்சபையினர் ஆரவாரமின்றி மௌனமாகக் கூடி வழிபடுவர். உள்ளொளி தூண்டினால் ஆணும் எழுந்து பேசலாம், பெண்ணும் எழுந்து பேசலாம். 1798இல் அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்பாரின் உரை இளம் எலிசபெத்தின் உள்ளத்தைத் திருப்பியது. 1800இல் ஜோசப் ஃபிரையை மணந்து இலண்டன் சென்றார். 1801 முதல் 1822 வரை பதினொரு மக்களைப் பெற்றார். கடைசி மகன் பிறந்த ஆண்டிலேயே பாட்டியும் ஆனார். 1811இல் சபை அவரைத் தன் போதகருள் ஒருவராக ஏற்றது.

1813இல் ஸ்டீபன் கிரெல்லெட் என்னும் அன்பர் நியூகேட் சிறையைக் கண்டு மனம் நொந்து வந்து அவரிடம் கூறினார். எட்டுப் பிள்ளைகளின் தாயான ஃபிரை, குழந்தைகளுக்கான துணிகளோடு அச்சிறைக்குள் நுழைந்தார். ஏறத்தாழ முந்நூறு பெண்கள் பிள்ளைகளோடு அங்கே அடைபட்டுக் கிடந்தனர். தீர்ப்புப் பெற்றவர், பெறாதவர், தூக்குமேடைக்குக் காத்திருப்பவர் எல்லாரும் ஒரே நெரிசலில். உண்பதும் உறங்குவதும் சமைப்பதும் அங்கேதான்.

துணி கொடுத்துத் திரும்புவதோடு அப்பணி முடிந்திருந்தால் இன்று நாம் அவரைப் பேசவேண்டியதில்லை. இடையில் 1815இல், ஐந்து வயது நிரம்பாத மகளைப் பறிகொடுத்தார். தன் வயிறு எரிந்த அந்தத் தாய், 1816ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் நியூகேட்டின் கதவைத் தட்டினார். சிறையிலிருந்த தாய்மாரை நோக்கி, உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி அமைப்போமா என்று கேட்டார். ஆசிரியை வெளியிலிருந்து வரவில்லை. களவுக் குற்றத்திற்காக அடைபட்டிருந்த ஒருத்தியை அப்பெண்களே தேர்ந்தனர்.

1817இல் தோழியரோடு சங்கம் ஒன்றை அமைத்தார். தையல் வேலை, வாசிப்பு, ஒழுங்கு ஆகியவற்றுக்கான விதிகளை வகுத்தார். அன்பர்களே, என் பேச்சின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. அவ்விதிகளைச் சுவரில் ஒட்டிவிட்டு அவர் போய்விடவில்லை. ஒவ்வொன்றாகக் கைதிகள் முன் படித்து, ஏற்பவர் கை உயர்த்துக என்றார். கைகள் உயர்ந்தன. இப்பெண்கள் திருந்தார், உழைக்கார் என்று அதிகாரிகள் கைவிட்ட கூட்டம் அது. அவர்களுடைய சம்மதத்திற்கு ஒரு மதிப்புண்டு என எண்ணியவர் அவர். சோறும் துணியும் இரக்கமுள்ள எவரும் தரலாம். ‘உன் விருப்பம் என்ன?’ என்று கேட்பதற்கு எதிரிலிருப்பவரைத் தனக்கு நிகராக மதிக்கும் நெஞ்சம் வேண்டும்.

1818இல் நாடாளுமன்றக் குழுவின் முன் சான்றுரைத்தார். பெண் கைதிகளைப் பெண்களே காவல் செய்யவேண்டும் என்னும் நெறி 1823ஆம் ஆண்டுச் சிறைச்சட்டத்தில் இடம்பெற்றது.

தோல்வியும் உண்டு. அதே 1818இல், இங்கிலாந்து வங்கியின் கள்ள நோட்டை மாற்றிய குற்றத்திற்காக ஹாரியட் ஸ்கெல்டன் என்னும் பெண்ணுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. ஃபிரை உள்துறை அமைச்சர் வரை சென்று மன்றாடினார், கயிறு இரங்கவில்லை. வரலாற்றின் நகைமுரணைப் பாருங்கள்: 2002 முதல் 2017 வரை அதே வங்கியின் ஐந்து பவுண்டு நோட்டில், நியூகேட் பெண்களுக்கு நூல் வாசிக்கும் காட்சியோடு விளங்கியது ஃபிரையின் உருவமே!

வீட்டைக் கவனியாது சிறையைக் கவனிக்கிறாள் என்ற பழிச்சொல் அவரைத் தொடர்ந்தது. 1828இல் கணவரின் வங்கி முறிந்தது. சபை கணவரை விலக்கியது. பெரிய இல்லத்தை விட்டுச் சிறிய வீட்டிற்குப் பெயர்ந்தனர். மக்களுள் பெரும்பாலோர் தாயின் சபையை விட்டு விலகினர். இவற்றை மறைத்து அவரைத் தெய்வமாக்க வேண்டா. இரண்டு கடமைகளுக்கிடையே கிழிபட்டும் இரண்டையும் கைவிடாதவர் என்பதே அவருக்குப் பெருமை.

நாடுகடத்தப்படும் பெண்கள் ஏறிய கப்பல்களுக்கும் சென்றார். ஊசி, நூல், துண்டுத்துணிகள் கொண்ட பை ஒன்றை ஒவ்வொருத்திக்கும் அவர் குழு தந்தது. 1841இல் ‘ராஜா’ என்னும் கப்பலில் டாஸ்மேனியா சென்ற பெண்கள் அத்துண்டுகளை இணைத்து ஒரு போர்வை தைத்தனர்; அதிலேயே அக்குழுவுக்கு நன்றியையும் எழுத்தாகத் தைத்தனர். அது இன்றும் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது.

1845 அக்டோபர் 12இல் அவர் மறைந்தார். வயது அறுபத்தைந்து. அதற்குள் சிறைச்சிந்தனை வேறு திசைக்குத் திரும்பியிருந்தது. தனிக் கொட்டடியில் அடைத்தால் திருந்துவர் என்னும் கொள்கை ஓங்கி, 1842இல் பென்டன்வில் சிறை எழுந்தது. இருட்டறையையும் தனிமையையும் ஃபிரை இறுதிவரை ஏற்கவில்லை. மனிதரை மனிதரே திருத்தமுடியும். சுவர் திருத்தாது என்பது அவர் கண்ட உண்மை.

கவிஞர்களே, நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. எளியோரைப் பற்றி நாம் நிறையப் பாடுகிறோம். அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் பாடுகிறோமா? நியூகேட்டில் உயர்ந்த அந்தக் கைகளை எண்ணிக்கொண்டு எழுதுகோலை எடுப்போம். வட்டம் வளர்க!