எந்தக் கிழமை மாத்திரை?

குற்றாலத்துல இப்போ சாரல். ஐந்தருவிக்குப் போற வழியில எண்ணெய் தேய்ச்சுவிடுற இடத்துல நல்ல கூட்டம். மூட்டுவலிக்கு நல்லதுன்னு சொல்லித்தான் நிறைய பேர் உட்காருறாங்க. சுகமா இருக்கும், மறுக்கலை. ஆனா இந்த எபிசோட் எண்ணெயால தீராத ஒரு மூட்டுவலியைப் பத்தி.

எங்க அத்தைக்குப் பாவூர்சத்திரம் பக்கம். சின்ன வயசுல இருந்தே பீடி சுத்துறாங்க. அங்க கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னுதான் கணக்கு. சில வருஷம் முன்னாடி காலையில விரலை மடக்கவே முடியாமப் போச்சு. ஒன்பது, பத்து மணி ஆனாத்தான் கை இளகும். "பீடி சுத்துற கை வலிக்காம இருக்குமா?"ன்னு வீட்டுல எல்லாரும் சொன்னோம், நானும்தான். பார்த்த டாக்டரும் அதையே சொல்லி வலி மாத்திரை எழுதினார். ரெண்டு வருஷம் அப்படியே ஓடிச்சு.

திருநெல்வேலிக்குப் போன பிறகுதான் தெரிஞ்சது, அது முடக்குவாதம். உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வரும்.

வேலையால வர்ற வலி பொதுவா ஓய்வெடுத்தா குறையும். இது ஓய்வுக்குப் பிறகுதான் இறுகும். காலையில அரை மணி நேரத்துக்கு மேல விறைப்பு, விரல் முட்டிகள்ல வீக்கம், கைகுலுக்குற மாதிரி முட்டிகளைச் சேர்த்து அழுத்தினா வலி. இந்த மூணையும் பார்க்க ஸ்கேன் வேண்டாம், ஒரு நிமிஷம் போதும். அறிகுறி தொடங்கி ஆறு வாரத்துக்குள்ள மூட்டு நோய் நிபுணரைப் பார்க்கணும்னு ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லுது. அத்தைக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. அரிச்ச எலும்பு திரும்ப வளராது.

கதை இங்க முடியலை. அவங்களுக்கு மெத்தோட்ரெக்ஸேட் எழுதினாங்க. இந்த மருந்துக்கு நம்ம ஊர்த் தொடர்பு உண்டு. இது உருவான ஆராய்ச்சியை நடத்தின எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். புற்றுநோய்க்குன்னு வந்த மருந்தைக் குறைஞ்ச அளவுல முடக்குவாதத்துக்குக் கொடுக்க, 1988-ல அமெரிக்கா அனுமதி தந்தது. ஆனா ஒரு நிபந்தனை: வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் சாப்பிட்டா எலும்பு மஜ்ஜையில ரத்த அணு உற்பத்தியே நின்னு போகலாம். உயிர் போயிருக்கு.

ரெண்டாவது மாசம் மருந்து வாங்கின கடையில, பழக்கதோஷத்துல கவர் மேல "காலை 1"ன்னு எழுதிட்டாங்க. அத்தையும் தினமும் போட்டாங்க. ஆறாவது நாள் வாயெல்லாம் புண். அன்னைக்கு மாமாவுக்கு பிரஷர் பார்க்க வந்த கிராம செவிலியர் அட்டையை எடுத்துப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அக்கா, இது எந்தக் கிழமை மாத்திரை?"

அன்னைக்கே ஆஸ்பத்திரி. மாற்று ஊசி, தினமும் ரத்தப் பரிசோதனை. அத்தை பிழைச்சாங்க. "உங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?"ன்னு அந்தச் செவிலியர்கிட்ட கேட்டேன். ஒரு பயிற்சி வகுப்புல சொன்னாங்களாம். பத்து நிமிஷம் பேசியிருப்பாங்க, அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிஷத்தைப் பத்தித்தான் நான் பேச வந்தேன். மருத்துவர்கள் 5 வருஷத்துல குறைஞ்சது 30 மணி நேரம் தொடர் கல்வி பெறணும்னு 2002 விதி சொல்லுது. வருஷத்துக்கு 6 மணி நேரம். சர்க்கரை, இதயம், சிறுநீரகம் எல்லாம் போக மூட்டுக்கு என்ன மிஞ்சும்? செவிலியர், பிசியோதெரபிஸ்ட், மருந்துக்கடைக்காரர் கதையை யோசிச்சுப் பாருங்க. மூட்டு அழற்சி நோயாளிகளைக் கவனிக்கிறதுல செவிலியரோட பங்கு என்ன, அவங்களுக்குத் தொடர் பயிற்சி ஏன் வேணும்னு ஐரோப்பாவுல 2012-லயே தனி வழிகாட்டுதல் போட்டாங்க.

தென்காசி 2019-ல தனி மாவட்டம் ஆச்சு. 2022-ல தமிழ்நாட்டுல ஒரே நாள்ல 11 அரசு மருத்துவக் கல்லூரி திறந்தப்போ அதுல தென்காசி இல்லை. நிபுணர் நாளைக்கே இங்க வந்து உட்காரப் போறதில்லை. ஆனா அவருக்குத் தெரிஞ்சது வரலாம். அமெரிக்காவோட நியூ மெக்சிகோவுல சஞ்சீவ் அரோரான்னு ஒரு டாக்டர் 2003-ல 'எக்கோ'ன்னு ஒண்ணு ஆரம்பிச்சார். கிராமத்து டாக்டர்கள் வீடியோவுல தங்கள் நோயாளியோட கதையைச் சொல்லுவாங்க, நிபுணர் கூடச் சேர்ந்து யோசிப்பார். கல்லீரல் நோய்க்குத் தொடங்கினது பிறகு மூட்டு நோய்க்கும் வந்தது. நோயாளி பஸ் ஏற வேண்டியதில்லை.

இங்க மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல இருந்து வீட்டுக்கே வருது. பிரஷர், சர்க்கரை பார்க்குறாங்க, பிசியோதெரபியும் உண்டு. அப்படி வர்றவங்களுக்கு ரெண்டே கேள்வியைச் சொல்லிக்கொடுத்தா போதும். "காலையில கை எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கு?" "இது எந்தக் கிழமை மாத்திரை?"

அத்தை இப்போ பீடி சுத்துறதில்லை. வலது கையில ரெண்டு விரல் நிமிரவே இல்லை. காலண்டர்ல ஞாயித்துக்கிழமைகளை மட்டும் பேனாவால வட்டம் போட்டு வச்சிருக்காங்க.

உங்க வீட்டுலயும் காலையில கை மடங்கலைன்னு யாராவது சொன்னா, எத்தனை மணிக்கு இளகுதுன்னு கேளுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.