வீசியெறிந்த காசு: ‘தீவார்’ படமும் நம்ம சனமும்

(படம் திரையிட்ட பின் நடந்த கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



படம் முடிந்ததிலிருந்து நீங்கள்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. விமர்சகன் பேசுவான், ரசிகன் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இங்கே வழக்கம். இன்னைக்கு அதைக் கொஞ்சம் மாத்திப் போடுவோம். நீங்கள் சொன்ன கருத்துகளை வைத்தே நான் பேசுகிறேன்.

நான்கு கருத்துகளைக் குறித்து வைத்திருக்கிறேன். ‘பாட்டும் காதலும் இல்லாம எடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்’ என்றார் ஒரு தோழர். ‘ஏழைகளின் கோபத்தைச் சொன்ன படம்’ என்றார் இன்னொருவர். முன்வரிசையில் இருக்கிற மாணவி, ‘கடைசியில போலீஸ்காரனுக்குத்தானே மெடல் குடுக்கிறாங்க, அப்புறம் என்னா கோபம்?’ என்று கேட்டார். பின்னாலிருந்து ஒரு குரல், ‘அந்தக் காலத்து இந்திப் படத்த தலித் இயக்கம் எதுக்குப் பாக்கணும்?’ என்றது. அந்தக் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்கலாம்.

‘தீவார்’ 1975 சனவரியில் வந்தது. யஷ் சோப்ரா இயக்கம். சலீம் – ஜாவேத் கதை வசனம். ஆர்.டி. பர்மன் இசை, சாஹிர் லூதியான்வி பாட்டு. கதை நடக்கிற ஊர் பம்பாய். அதே பம்பாயில்தான் 1972இல் நாம்தேவ் தசால், ராஜா தாலே, ஜே.வி. பவார் போன்றவர்கள் ‘தலித் பேந்தர்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார்கள். தசாலின் ‘கோல்பிட்டா’ கவிதைத் தொகுப்பு வந்ததும் அதே ஆண்டுதான். 1974இல் வொர்லி குடியிருப்புகளில் மாதக்கணக்கில் கலவரம். சிவசேனையும் போலீசும் ஒரு பக்கம், தலித்துகள் ஒரு பக்கம். அந்தச் சிறுத்தைகளின் பெயர்தான் 1980களில் மதுரைக்கு வந்து, மலைச்சாமி வழியாகத் தமிழ்நாட்டில் வேர் பிடித்தது.

ஆக, இந்தப் படம் கொட்டகைக்கு வந்தபோது பம்பாய்த் தெருவில் கோபக்கார இளைஞர்கள் நிசமாகவே நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ‘கோபக்கார இளைஞன்’ என்ற பட்டத்தைப் பத்திரிகைகள் அமிதாப் பச்சனுக்குக் கொடுத்தன. தெருவில் இருந்தவனுக்குக் கிடைத்தது லத்தியடி. திரையில் இருந்தவனுக்கு விருது. இந்த மாற்றம் எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படத்தைப் பார்க்கிறோம்.

அடுத்து, ‘ஏழைகளின் கோபம்’ என்ற கருத்து. கதையை எல்லாரும் இப்போதுதான் பார்த்தீர்கள். அப்பா தொழிற்சங்கத் தலைவர். முதலாளி அவர் குடும்பத்தைப் பிடித்து வைத்து மிரட்டிக் கையெழுத்து வாங்குகிறான். தொழிலாளர்கள் அவரைத் துரோகி என்கிறார்கள். சின்னப் பையன் விஜயைப் பிடித்து, அவன் தகப்பன் திருடன் என்று கையில் பச்சை குத்திவிடுகிறார்கள். அம்மா பம்பாய்க்கு வந்து கட்டட வேலையில் செங்கல் சுமக்கிறாள். பையன் தெருவில் உட்கார்ந்து செருப்புத் துடைக்கிறான். தம்பி படிக்கிறான். அண்ணன் துறைமுகக் கூலியாகிக் கடத்தல்காரனாகிறான். தம்பி போலீசாகி அண்ணனைச் சுடுகிறான்.

இதில் வருகிற அடையாளங்களை ஒன்று ஒன்றாக எடுத்துப் பாருங்கள். செய்யாத குற்றத்துக்குப் பிறப்பை வைத்து உடம்பில் குத்தப்பட்ட முத்திரை. அது சாகிற வரைக்கும் அழியாது. தலையில் செங்கல். கையில் அடுத்தவன் செருப்பு. கோயிலுக்கு வெளியே நிற்கிற பையன். இதெல்லாம் யாருடைய வாழ்க்கை? இதைப் பொதுவாக ‘ஏழை’ என்று சொல்லி முடித்துவிட முடியுமா? இவ்வளவு காயத்தையும் எங்கிருந்து எடுத்தார்களோ, அந்த இடத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள்.

விஜயின் குடும்பப் பெயர் வர்மா. வடநாட்டில் பல சாதியார் வைத்துக்கொள்கிற பெயர் அது. என்ன சாதி என்று படம் எங்கேயும் சொல்லாது. இந்திய சினிமாவில் சாதி சொல்லாமல் விட்ட கதாநாயகன் சாதி இந்துவாகத்தான் இருப்பான். அந்தச் சௌகரியம் நமக்குக் கிடையாது. நம்மவனைக் காட்டினால் சேரியைக் காட்டி, கதறலைக் காட்டி, காப்பாற்ற வருகிற நல்லவரையும் சேர்த்தே காட்டுவார்கள்.

கோயில் காட்சியை எடுத்துக்கொள்வோம். அம்மாவும் தம்பியும் உள்ளே போகிறார்கள். விஜய் வெளியே படியில் நிற்கிறான், வளர்ந்த பிறகும் நிற்கிறான். அவனுக்கும் கடவுளுக்கும் தகராறு. ரசிகர்களுக்கு மிகவும் பிடித்த காட்சிகளில் இது ஒன்று. ஆனால் உள்ளே போக உரிமை இருக்கிறவன்தான் ‘போகமாட்டேன்’ என்று சொல்ல முடியும். 1930 மார்ச்சில் நாசிக் காலாராம் கோயிலுக்கு முன்னால் பாபாசாகேப் அம்பேத்கர் தலைமையில் ஆயிரக்கணக்கான பேர் நின்றார்களே, அவர்களும் வெளியேதான் நின்றார்கள். அவர்களுக்குக் கடவுளோடு தகராறு கிடையாது. கதவைச் சாத்தியவனோடுதான் தகராறு. அதே மகாராட்டிரத்தில், 45 வருசம் கழித்து, கோயிலுக்கு வெளியே நிற்பது ஒரு நாயகனின் மிடுக்காக மாறிவிட்டது.

இப்போது காசுக்கு வருவோம். நான் பேச வந்ததே இதற்குத்தான்.

சின்ன விஜய் செருப்புத் துடைக்கிறான். துடைத்து முடித்ததும் காசைத் தூக்கி எறிகிறார்கள். அவன் பொறுக்க மறுக்கிறான். வேலை செய்தேன், பிச்சை எடுக்கவில்லை, எடுத்துக் கையில் கொடு என்கிறான். பெரியவனான பிறகும் ஒரு பணக்கட்டு அவன் முன்னால் விழும்போது அதையே சொல்கிறான். இந்த இரண்டு இடத்திலும் இன்றைக்கு நம்ம கூட்டத்தில் விசில் பறந்தது. வசனம் இந்தி. பாதிப் பேருக்குத் துணைவரி படிக்கவே நேரம் இல்லை. அப்புறம் எப்படி விசில் வந்தது?

எழுதியவர்கள் அதைப் பணக்காரன் – ஏழை விவகாரமாகத்தான் எழுதியிருப்பார்கள். ஆனால் நம்ம சனத்துக்குக் காசு கையில் விழுவதற்கும் தரையில் விழுவதற்கும் உள்ள வித்தியாசம் வேற. கடைக்காரன் கை படாமல் மேலேயிருந்து போடுவான். கூலியைத் திண்ணையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பான். தண்ணி, டீ, திருநீறு, சில்லறை எல்லாமே மேலேயிருந்து விழும். நான் வங்கியில் கவுண்டரில் உட்காருகிறவன். நாள் முழுக்கக் கைக்குக் கை பணம் மாறுகிற இடம். முதியோர் உதவித்தொகை எடுக்க வருகிற நம்ம பெரியவங்க சிலர் கையை நீட்டமாட்டார்கள். ‘அங்கயே வையிங்க சாமி, எடுத்துக்கிறேன்’ என்பார்கள். ஒரு மனுசனுடைய கை நீளவே கூசுகிற அளவுக்கு எத்தனை வருசம் அவர் மேல் காசு விழுந்திருக்க வேண்டும்?

அந்தக் கைதான் இந்தக் காட்சிக்கு விசிலடிக்கிறது. படம் விட்டுப்போன பெயரைப் பார்வையாளர் போட்டு நிரப்பிக்கொள்கிறார். ‘சினிமா பார்த்து மயங்கிக் கிடக்கிற சனம்’ என்று நம்மில் சிலரே பேசுகிறோம். மயங்கினவன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கை தட்டுவான். நம்ம சனம் தட்டின இடத்தைக் கவனியுங்கள். அது ஒரு கருத்து. விமர்சகர் கருத்து அச்சில் ஏறும். தரை டிக்கெட்டின் கருத்து விசிலாகக் காற்றில் போய்விடும். அவ்வளவுதான் வித்தியாசம்.

பாட்டு வேண்டாம் என்று சொன்ன தோழருக்கு வருகிறேன். பாட்டு இல்லாத கதையை நம்ம சனம் கதையாக எண்ணியதே இல்லை. கூத்தில் ராசா செத்தாலும் பாடிவிட்டுத்தான் சாவான். பாட்டு இல்லாத படம்தான் உசத்தி என்பது படித்த மேல்தட்டு ரசனை. அதை நாம் ஏன் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்? பாட்டு யாருக்குக் கிடைக்கிறது என்று கேளுங்கள், படத்தின் அரசியல் தெரியும்.

காதல் பாட்டுகள் சசிகபூருக்கும் நீத்து சிங்குக்கும். அவர் போலீஸ் ஆகப்போகிறவர், அவள் போலீஸ் அதிகாரி மகள். மேலதிகாரி வீட்டுச் சம்மதத்தோடு நடக்கிற காதலுக்குப் பாட்டு உண்டு. விஜய் வாயசைத்துப் பாடுகிற காதல் பாட்டு படத்தில் இல்லை. அவனும் பர்வீன் பாபியும் சந்திக்கிற மதுக்கூடத்தில் வேறு யாரோ பாடுகிறார்கள். அந்தப் பெண்ணின் பிழைப்பு படத்தின் கணக்கில் ‘ஒழுக்கம்’ இல்லாதது. அம்மா விட்டுப்போன ஒரு புடவையைக் கல்யாணத்துக்கு என்று வைத்திருக்கிறாள். வயிற்றில் பிள்ளை வந்து, அவன் கல்யாணத்துக்குச் சம்மதித்ததும் அவளைக் கொன்றுவிடுகிறார்கள். புடவை கட்டவே இல்லை. யாருடைய காதல் பாட்டாகும், யாருடைய காதல் பிணமாகும் என்பதை நம்ம ஊர்ச் செய்தித்தாள் நமக்கு வாராவாரம் சொல்லுது. பாட்டை வெட்டிவிட்டால் இந்தப் பாரபட்சம் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கும்.

மாணவி கேட்ட மெடல் கேள்விதான் இருப்பதிலேயே கடினமானது. படமே விருது வழங்கும் விழாவில் தொடங்குகிறது. தம்பிக்கு மரியாதை, தாய்க்குக் கைதட்டல். அண்ணனைச் சுட்டதற்கான மரியாதை அது. அதற்கு முன் ஒரு காட்சி வருகிறது. திருடிவிட்டு ஓடுகிற ஒரு பையனை ரவி காலில் சுடுகிறான். பிறகு பார்த்தால், திருடியது ரொட்டி. வீட்டுக்குப் போகிறான். பையனின் தாய் கத்துகிறாள்: பெரிய திருடர்களை விட்டுவிட்டு என் பிள்ளையைச் சுட்டாயா என்று. ஏ.கே. ஹங்கல் நடித்த தகப்பன், ஓய்வுபெற்ற வாத்தியார், மனைவியை அடக்குகிறார். திருட்டு என்றால் திருட்டுத்தான் என்று நீதி சொல்கிறார். ரவிக்கு அண்ணனைப் பிடிக்கும் தைரியம் அங்கேதான் வருகிறது.

படம் வாத்தியார் பக்கம். ஆனால் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு வாத்தியாரிடம் பதில் இல்லை, அடக்கத்தான் தெரிந்தது. அந்தக் கேள்வி இன்னும் கிடக்கிறது. 2011 கணக்கெடுப்பில் பட்டியல் சாதியினர் நாட்டு மக்களில் 16.6 விழுக்காடு. 2019ஆம் ஆண்டுச் சிறைப் புள்ளிவிவரத்தில் விசாரணைக் கைதிகளில் நாம் ஏறத்தாழ 21 விழுக்காடு. யாருடைய பிள்ளை காலில் குண்டு பாய்கிறது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. தீர்ப்பு விசயத்தில் சனம் படத்தோடு ஒத்துப்போகவில்லை. மெடல் வாங்கிய ரவியை யாரும் வீட்டுச் சுவரில் ஒட்டவில்லை. விஜயைத்தான் ஒட்டினார்கள்.

இன்னொரு விசயம். விஜய் பாத்திரத்துக்குப் பின்னால் ஹாஜி மஸ்தான் இருப்பதாகப் பரவலாகச் சொல்வார்கள். அவர் நம்ம ராமநாதபுரம் பக்கம் பனைக்குளத்துக்காரர், தமிழ் முஸ்லிம், பம்பாய்த் துறைமுகத்தில் மூட்டை சுமந்து பிறகு கடத்தல்காரர் ஆனவர். அவரைத் தியாகியாக்க நான் வரவில்லை. ஆனால் நெருக்கடி நிலையில் சிறைக்குப் போய் வந்த பிறகு, 1980களில், அவர் ஜோகேந்திர கவாடேவோடு சேர்ந்து தலித் – முஸ்லிம் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயர் வைக்கக் கோரி 1979இல் நாக்பூரிலிருந்து நெடும்பயணம் நடத்தினாரே, அந்தக் கவாடேதான். திரையில் அந்தத் துறைமுக முஸ்லிமிடமிருந்து மிஞ்சியது 786 என்ற எண் போட்ட ஒரு வில்லை. அதுவும் சாகும் நேரத்தில் கையைவிட்டுப் போகிறது.

அந்தக் கோபத்துக்கு என்ன ஆயிற்று? 1981இல் இதே கதை ‘தீ’ என்று தமிழில் ரஜினிகாந்த் நடித்து வந்தது. அந்த ரஜினிகாந்தை 2018இல் பா. ரஞ்சித் ‘காலா’வில் தாராவிக்குக் கொண்டுபோய், புத்த விகாரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார். 2022இல் நாக்ராஜ் மஞ்சுளே ‘ஜுண்ட்’ எடுத்தார். நாக்பூர்ச் சேரிப் பிள்ளைகளின் கால்பந்துக் கதை. அமிதாப் பச்சனுக்கு அதிலும் விஜய் என்றுதான் பெயர். அவர் அதில் அம்பேத்கர் படத்துக்கு முன்னால் கைகூப்பி நிற்கிறார். பெயர் விட்டுப்போன இடத்தில் பெயர் போட இத்தனை வருசம் ஆகியிருக்கிறது. போட்டவர்கள் யார்? விசிலடித்த கூட்டத்திலிருந்து எழுந்து வந்தவர்கள்.

ஆனாலும் ஒரு எச்சரிக்கை. ‘தீவார்’ தொழிற்சங்கத்தில் தொடங்குகிறது. அப்பா ஓடிப்போன பிறகு சங்கம் படத்தில் திரும்ப வரவே இல்லை. துறைமுகத்தில் மாமூல் வாங்குகிற ரவுடிகளை விஜய் தனியாளாக அடிக்கிறான். அம்மா செங்கல் சுமந்த கட்டடத்தைத் தனியாளாகவே விலைக்கு வாங்குகிறான். மற்ற கூலிகள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். கட்டடம் ஒருத்தன் கைக்கு வந்தது, செங்கல் சுமக்கிறவள் அடுத்த கட்டடத்தில் சுமந்துகொண்டுதான் இருக்கிறாள். விசில் ஒரு கருத்துதான், சங்கம் ஆகிவிடாது. அதை அப்படி ஆக்குகிற வேலை நம்மோடது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த படத்தை மண்டபத்தில் போட வேண்டாம், தெருவில் போடுவோம். முடிந்ததும் நாம் பேச வேண்டாம். எந்த இடத்தில் கை தட்டினீங்க, ஏன் தட்டினீங்க என்று அம்மாக்களிடமும் பெரியவர்களிடமும் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வாங்குவோம். காசு கையில் கொடுக்காத கடை எது என்று அந்தப் பேச்சிலேயே பெயரோடு வரும். மறுநாள் காலையில் அந்தக் கடை வாசலுக்கு எல்லாரும் சேர்ந்தே போவோம்.

ஜெய்பீம்.