ஏட்டில் குறைந்த காய்ச்சல்

மலேரியா என்னும் முறைக்காய்ச்சலை ஒழிக்கும் திட்டங்களை எடைபோடும்பொழுது, எத்தனை வீடுகளில் மருந்து தெளித்தார்கள் என்றே நாம் முதலில் கேட்கிறோம். அது மட்டும் போதாது. நாடு விடுதலை பெற்ற காலத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 7.5 கோடி மக்கள் இந்நோயுற்றனர். 1953-லும் 1958-லும் தொடங்கிய தேசியத் திட்டங்களால் 1965-ல் அத்தொகை 1 லட்சமாயிற்று. வென்றுவிட்டோம் என்றே எண்ணினோம். கண்காணிப்புத் தளர்ந்தது, டி.டி.டி.யைத் தாங்கும் கொசுக்களும் பெருகின. 1976-ல் 64 லட்சம்!

ஆகவே, காய்ச்சல் கண்டவர்களில் எத்தனை பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும். சோதனை குறைந்தால் நோயும் ஏட்டில் குறைந்துவிடுமன்றோ? ஒடிசாவில் 2017-ல் தொடங்கிய திட்டத்தில், எட்டாத மலைக்கிராமங்களில் காய்ச்சல் இல்லாதவரையும் சோதித்தனர். அறிகுறியின்றியே கிருமியைச் சுமந்தோர் பலர் அகப்பட்டனர். மருந்தூட்டிய கொசுவலைகளும் வழங்கப்பெற்றன. 2018-ல் அம்மாநிலத்தில் பதிவான நோயாளர் தொகை, முந்திய ஆண்டினும் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. வலையால் எவ்வளவு, சோதனையால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

அப்பகுதிகளில் வாழும் நம்மவர், விடுமுறையில் ஊர் வந்தபின் காய்ச்சல் கண்டால், எங்கிருந்து வந்தோம் என்பதை மருத்துவரிடம் தாமே முதலில் சொல்லிவிடுதல் நலம்.