வாகனமும் வசிப்பிடமும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்பட்டுவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், பள்ளிவாசலின் கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியின் கணக்கை இத்தனை உன்னிப்பாகக் கேட்கும் நாம், நம் வீட்டுக் கணக்கை இப்படி உரத்து வாசிக்கச் சொன்னால் எத்தனை பேர் எழுந்து நிற்போம் என்று எண்ணிப் பார்த்தேன். அதுபற்றியே சிறிது நேரம் பேச விரும்புகிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி வரி மாற்றியமைக்கப்பட்டதை அனைவரும் அறிவீர்கள். சிறிய கார்களுக்கு 28 விழுக்காடும் அதன்மேல் செஸ்ஸும் இருந்த வரி 18 விழுக்காடாகக் குறைந்தது. அந்த வாரம் அஸருக்குப் பின் பள்ளியின் திண்ணையில் அமர்ந்தவர்களிடையே வேறு பேச்சே இல்லை. எந்தக் காருக்கு எவ்வளவு குறைந்தது என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மனப்பாடமாகிவிட்டது. அதே நாளில் சிமெண்டின் வரியும் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆயிற்று. அதைப் பற்றி நம் தெருவில் ஒருவரும் பேசக் கேட்டேனில்லை.

கார் வாங்குவது ஹராம் என்று சொல்ல நான் இங்கு நிற்கவில்லை. விசாலமான வீடும், நல்ல அண்டை வீட்டாரும், சிரமம் தராத வாகனமும் ஒரு மனிதனின் நற்பேறுகள் என நபி (ஸல்) அவர்கள் எண்ணிச் சொன்னதாக ஹதீஸ் நூல்களில் வந்துள்ளது. ஜகாத்தின் சட்டத்தைப் பேசும் ஃபிக்ஹு நூல்களும் குடியிருக்கும் வீடு, உடுக்கும் உடை, ஏறிச்செல்லும் வாகனம், தொழிற்கருவி ஆகியவற்றை அடிப்படைத் தேவைகள் என்று கூறி ஜகாத்திலிருந்து விலக்கி வைக்கின்றன. ஆகவே வாகனம் மார்க்கம் மதிக்கும் ஒரு தேவையே.

ஆயினும் அந்நஹ்ல் அத்தியாயத்தை ஓதும்போது ஒரு நுட்பத்தைக் கவனிக்கலாம். அதன் எட்டாம் வசனம் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் பற்றிப் பேசுகிறது. அவை ஏறிச் செல்வதற்கும் அலங்காரத்திற்கும் என்று சொல்கிறது. அலங்காரம், 'ஜீனத்', என்ற சொல் அங்கே வருகிறது. அல்லாஹ் அதை மறுக்கவில்லை. அதே அத்தியாயத்தின் எண்பதாம் வசனம் வீடுகளைப் பற்றிப் பேசுகையில் 'ஸகன்' என்ற சொல்லை ஆள்கிறது. அமைதி கொள்ளும் இடம், ஓய்ந்து தங்கும் இடம் என்பது அதன் பொருள். வாகனத்திற்கு அலங்காரம், வீட்டிற்கு அமைதி. அமைதியை விற்று அலங்காரத்தை வாங்குவோர் நம்மிடையே பெருகி வருகிறார்கள் என்பதே என் கவலை.

இம்மாவட்டத்தில் ஒரு குடும்பத்தை நான் அறிவேன். மஹல்லா எதுவென்று கேட்க வேண்டாம். வளைகுடாவில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த சகோதரர் ஒருவர், தங்கையின் நிக்காஹிற்காக விடுப்பில் வந்தார். வந்த வாரத்திலேயே 15 லட்ச ரூபாய்க்கு ஒரு கார் எடுத்தார். கையிலிருந்தது 3 லட்சம். மீதி 12 லட்சம் கடன். நிக்காஹ் நாளில் அந்தக் கார் பள்ளியின் வாசலில் மாலையுடன் நின்றது. பார்த்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். அவருடைய பெற்றோர் அன்றும் வாடகை வீட்டில்தான் இருந்தார்கள். காரை நிறுத்த அந்த வீட்டில் இடமில்லை. உறை போட்டுத் தெருவில் நின்றது. 2020-ல் கொரோனா வந்தது. அவர் பணிபுரிந்த இடம் மூடப்பட்டு ஊர் திரும்பினார். தவணைகள் தவறின. கடன் கொடுத்தவர்கள் வந்து காரை ஓட்டிச் சென்றார்கள். அடுத்த ரமளானுக்குள் வீட்டு உரிமையாளரும் காலி செய்யச் சொல்லிவிட்டார். அந்தத் தாயார் என்னிடம் காரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. "ஹஜ்ரத், ஒளூச் செய்ய ஓர் இடம் நிரந்தரமாக இருந்தால் போதும்" என்றார்.

இந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். 12 லட்ச ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஏழாண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 19,300 ரூபாய். 84 மாதங்களில் கட்டி முடிப்பது 16 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். அதாவது 4 லட்சத்து 20 ஆயிரத்திற்கும் அதிகமாக வட்டி மட்டும். இனி அந்தக் காரை இன்று புதிதாக எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2023 நவம்பர் முதல் நம் மாநிலத்தில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு வாழ்நாள் வரி 18 விழுக்காடு. 15 லட்சத்துக்கு ஏறத்தாழ 2 லட்சத்து 70 ஆயிரம். காப்பீடு தனி. எரிபொருள் தனி. ஓட்டுநர் வைத்தால் அது இன்னொரு குடும்பத்தின் சம்பளம்.

செலவு போகட்டும், பொருளாவது நிற்கிறதா? காப்பீட்டு நிறுவனங்கள் காரின் மதிப்பைக் கணக்கிடும் தேய்மான அட்டவணையைப் பாருங்கள். ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடு கழிவு. ஓராண்டு முடியும்போது 15. இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50. ஏழாண்டுக் கடனில் ஐந்தாண்டு கட்டி வரும்போதே பொருள் பாதியாகிவிடுகிறது; தவணை மட்டும் முழுதாக இருக்கிறது. ஐந்தாண்டு ஓடிய காரைப் பாதி விலைக்கு வாங்குபவரைப் பார்த்து நாம் நகைக்கிறோம். கணக்கு தெரிந்தவர் அவரே. பெயர் மாற்றத்தையும், பழைய கடன் பதிவு நீக்கப்பட்டிருப்பதையும் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

மனைக்கு வருவோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. 10 லட்ச ரூபாய் மனையை மனைவியின் பெயரிலோ தாயின் பெயரிலோ பதிய ஆகும் அரசுச் செலவு 80 ஆயிரம். அந்தக் காருக்குக் கட்டிய சாலை வரியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்தச் சலுகையை நம் மஹல்லாவில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

சகோதரர்களே, மனிதன் கார் வாங்குவது கணக்குப் போட்டு அல்ல என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. ஒரு ஸ்கூட்டரில் கணவன், மனைவி, பிள்ளைகள் என ஒரு குடும்பமே நெருக்கியடித்துச் செல்வதைக் கண்டு, இவர்களுக்குப் பாதுகாப்பான மலிவு வாகனம் வேண்டும் என்று எண்ணினார் மறைந்த ரத்தன் டாட்டா. 2008 ஜனவரியில் டெல்லிக் கண்காட்சியில் நானோ காரைக் காட்டினார். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று உலகமே பேசிற்று. 2009-ல் விற்பனைக்கு வந்தது. பத்தாண்டுகூட நிலைக்கவில்லை, 2018-ல் உற்பத்தி நின்றுபோனது. தொடக்கத்தில் சில வண்டிகள் தீப்பற்றியது ஒரு காரணம். ஆனால் மிக மலிவான கார் என்று அதை அறிமுகப்படுத்தியதே தவறாகிவிட்டது என்று டாட்டாவே பின்னாளில் கூறினார். மழையில் நனையாமல் நால்வர் செல்லலாம். அந்தத் தேவையை அது நிறைவேற்றவே செய்தது. ஆனால் ஏழைகளின் கார் என்று அண்டை வீட்டார் சொல்லிவிடுவார்களே! அந்த அச்சம் ஒரு தொழிற்சாலையையே வென்றுவிட்டது. ஷோரூமில் நாம் கொடுக்கும் பணத்தில் எவ்வளவு பயணத்திற்கு, எவ்வளவு அண்டை வீட்டாரின் பார்வைக்கு என்று பிரித்து எழுதிக் கொடுத்தால் பலர் வெறுங்கையோடு வீடு திரும்புவார்கள்.

கார் தேவைப்படுவோர் இருக்கிறார்கள். வாடகை வண்டி ஓட்டுபவருக்கு அது தொழிற்கருவி. சந்தை தோறும் செல்லும் வியாபாரிக்கு அது கடை. டயாலிசிஸுக்கோ புற்றுநோய்ச் சிகிச்சைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கு அடிக்கடி அழைத்துச் செல்ல வேண்டிய பெரியவர் வீட்டில் இருந்தால் அது ரஹ்மத். அவர்கள் யாரும் என் பேச்சைத் தங்கள் மேல் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே நாள் முழுதும் பேருந்து ஓடுகிறது. 2010 முதல் அகலப்பாதையில் ரயிலும் ஓடுகிறது. மாதம் இருமுறை மஞ்சக்குப்பத்திற்கு அலுவலக வேலையாகச் செல்பவர், தேவைப்படும் நாளில் வாடகைக்குக் கார் எடுத்தால் மாதத் தவணையின் கால்பங்கும் ஆகாது.

இப்படிச் சொல்வதால் வீடு என்ற பெயரில் செய்யும் பகட்டை நான் புகழ்வதாக எண்ணிவிடாதீர்கள். கடற்கரையோர ஊர்களில் மூன்று மாடியும் கிரானைட் முகப்புமாய்ப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை அனைவரும் பார்த்திருக்கிறோம். மூன்று பேர் வாழ எட்டு அறைகள். அதுவும் இஸ்ராஃப்தான், தேய்மானம் குறைவு என்பது ஒன்றே வேறுபாடு. நான் கேட்பது கூரை. மழையில் ஒழுகாத, வெள்ளத்தில் மூழ்காத, யாரும் காலி செய்யச் சொல்லாத கூரை.

இந்த மண்ணில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியை நம் கடலோரம் மறக்காது. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது, ஓடும் தகடும் கூரையும் பறந்து, பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்ததைக் கண்டோம். 2015 பெருமழை வந்தது. 2024-ல் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து, டிசம்பர் தொடக்கத்தில் கடலூரின் கரையோரக் குடியிருப்புகளில் புகுந்தது. வீட்டின் அடித்தளத்தை இரண்டடி உயர்த்திக் கட்டியவர் அன்று குர்ஆனையும் பத்திரத்தையும் அரிசியையும் காப்பாற்றினார். காரோ வெள்ளத்தில் நின்றால் பெரும் செலவு. நீர் புகுந்த நிலையில் இயக்கிப் பார்த்து இயந்திரம் பழுதானால், அதற்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராதவருக்குச் சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் கை கொடுப்பதில்லை.

வெளிநாட்டு வருமானத்தைப் பற்றியும் ஒரு சொல். அது நிலையானது என்ற எண்ணத்தில்தான் ஏழாண்டுத் தவணையில் கையெழுத்திடுகிறோம். சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் என்று கட்டணம் தொடங்கி, ஆண்டுதோறும் ஏறி, 2020-ல் 400 ரியால் ஆயிற்று. மனைவி மக்களோடு இருந்த எத்தனையோ பேர் அவர்களை ஊருக்கு அனுப்பி வைத்தார்கள். வந்தவர்களுக்குச் சொந்த வீடு இருந்ததா என்பதே அன்றைய முதல் கேள்வியாக இருந்தது.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டிற்கு வங்கிக் கடன் வாங்கலாமா என்று என்னிடம் மஸ்அலா கேட்டு வருவோர் பலர். வட்டி என்பதால் அஞ்சித் தயங்குகிறார்கள். அந்த அச்சம் ஈமானின் அடையாளம், அல்லாஹ் அதை ஏற்றுக்கொள்வானாக. ஆனால் காருக்குத் தவணை எழுதுமுன் மஸ்அலா கேட்க இதுவரை ஒருவரும் வந்ததில்லை! ஷோரூமில் தேநீரோடு நீட்டப்படும் தாளிலும் இருப்பது அதே வட்டிதான். நம் நாட்டில் வட்டியில்லா வங்கிமுறை வேண்டும் என்று 2008-ல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்தது; 2017-ல் ரிசர்வ் வங்கி அந்த யோசனையைத் தொடர்வதில்லை என்று முடிவு செய்தது. ஆகவே அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது. திறக்கக்கூடிய கதவு நம் பைத்துல்மால்தான்.

மாநில அரசு 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஊரகக் குடிசைவாசிகளுக்கு 360 சதுர அடி வீட்டிற்கு மூன்றரை லட்ச ரூபாய் அளிக்கப்படுகிறது. ஒரு 15 லட்ச ரூபாய்க் காரின் விலையில் அத்தகைய வீடுகள் நான்கு. அத்திட்டத்திற்கு மனை சொந்தமாக, ஆவணத்தோடு இருக்க வேண்டும். நம் சுற்றுவட்டாரத்தில் தலைமுறையாக இருந்தும் பட்டா கையில் இல்லாதவர்கள் உண்டு. பாட்டனார் பெயரிலேயே கிடக்கும் பட்டாவை வாரிசுகள் மாற்றாமல் விட்டதால் மனு தள்ளுபடியானவர்களும் உண்டு. மீராஸைப் பிரிக்காமல் காலம் கடத்துவதன் கேடு இதுவே.

ஆகவே நிர்வாகத்திடம் ஒரு வேண்டுகோளை வைத்தேன், அவர்களும் இசைந்துள்ளார்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் மஹல்லாவில் ஒழுகும் கூரைகளைக் கணக்கெடுத்து, பழுது பார்க்கப் பைத்துல்மாலிலிருந்து வட்டியில்லாக் கடன் கொடுப்பது. திரும்பி வரும் தொகையை அடுத்த வீட்டிற்குக் கொடுப்பது. பள்ளியின் வாசலில் கார் நிறுத்தும் சகோதரர்களிடம் நான் கேட்பது, உங்கள் ஒரு மாதத் தவணைக்கு ஈடான தொகையை ஆண்டுக்கு ஒருமுறை இந்த நிதிக்குக் கர்ளன் ஹஸனாவாகக் கொடுங்கள். நன்கொடை அல்ல, கடன். திரும்பி வரும்.

வரும் ஜும்ஆவுக்குப் பின் மதரஸாக் கூடத்தில் மனுக்கள் பெறப்படும். குடும்ப அட்டை நகலும், பட்டா அல்லது பத்திர நகலும் கொண்டு வாருங்கள். பட்டா மாறாதவர்கள் மூலப் பத்திரத்தோடு வாருங்கள். எழுதிக் கொடுக்க இரண்டு பேரை அமர்த்தியிருக்கிறோம். பெண்கள் தங்கள் மஹ்ரமை அனுப்பினாலும் போதும்.

வஸ்ஸலாம்.