லேசர் வெட்டுபொறிக்கு மோட்டார் தெரிதல்

வீட்டிலே தம் கையால் லேசர் வெட்டுபொறி ஒன்றைக் கட்டிவிட வேண்டுமென்ற ஆவலோடு என்னிடம் வரும் இளைஞர்கள் முதலிற் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஐயா, எந்த மோட்டார் மிகப் பலமானது?" அவர்களைக் குறைசொல்ல எனக்கு உரிமையில்லை. நானும் அதே கேள்வியைக் கேட்டு, கிடைத்த விடையை நம்பி, கனத்த மோட்டார்கள் இரண்டை வாங்கிப் பூட்டியவன். அதன் பயனாக ஒரு மாலைப்பொழுதில் என் கொட்டகையிலே தீப்பற்றியது. அந்தக் கதையைச் சற்றுப் பொறுத்துச் சொல்லுகிறேன்.

பொறியின் அமைப்பை முதலிற் பார்ப்போம். காபனீரொட்சைட்டு வாயுவைக் கொண்ட கண்ணாடிக் குழாயொன்று, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை உண்டாக்குகின்றது. அக்கதிரை ஆடிகள் திருப்பிவிட, வில்லையொன்று குவித்து, ஒட்டுப்பலகையின்மீதோ அக்கிறிலிக் தகட்டின்மீதோ விழச் செய்கின்றது. வில்லையைத் தாங்கிய தலையைக் குறுக்காகவும் நெடுக்காகவும் நடத்துபவை ஸ்டெப்பர் மோட்டார்கள். தமிழிலே படிமோட்டார் எனலாம். சாதாரண மோட்டார் மின்சாரம் கிடைத்ததும் சுழன்றுகொண்டேயிருக்கும். படிமோட்டாரோ ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு படி மாத்திரம் திரும்பி நிற்கும். பெரும்பாலானவற்றில் ஒரு படி என்பது 1.8 பாகை, ஆகவே முழுச்சுற்று ஒன்றுக்கு 200 படிகள். கட்டுப்பாட்டுப் பலகை படிகளை எண்ணி அனுப்புகின்றது. மோட்டார் அவ்வளவும் நடந்ததா என்று திரும்பிப் பார்ப்பதில்லை. கடிதத்தைத் தபாலிற் போட்டுவிட்டு, சேர்ந்ததோ இல்லையோ என்று விசாரியாத மனிதரைப் போன்றது அது. இந்த ஒரு குணத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றைய யாவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கடைச்சற் பட்டறையிலே உளியானது உலோகத்தைத் தள்ளிச் சீவவேண்டும். அங்கே பலம் வேண்டும். லேசர்க் கதிரோ பலகையைத் தள்ளுவதேயில்லை. ஆகையால் இங்கே மோட்டாரின் வேலை, தலையை ஓடச் செய்வதும், நிறுத்துவதும், திருப்புவதுமே. அதற்கு எவ்வளவு பலம் தேவை? தலையும் அதனோடு ஓடும் சிறு வண்டியும் அரைக் கிலோகிராம் எனக் கொள்வோம். வேகம் கூடும் வீதமாகிய ஆர்முடுகல், செக்கனுக்குச் செக்கன் 3 மீற்றர் என்போம். வேண்டிய விசை 1.5 நியூற்றன். 2 மில்லிமீற்றருக்கு ஒரு பல் வீதம் அமைந்த பட்டியும், 20 பல்லுள்ள கப்பியும் பூட்டினால், கப்பியின் ஆரை ஏறக்குறைய 6.4 மில்லிமீற்றர். பெருக்கிப் பார்த்தால் முறுக்கம் ஒரு நியூற்றன் சென்ரிமீற்றரைக்கூட எட்டவில்லை. சந்தையிலே கிடைக்கும் சாதாரண "நேமா 17" மோட்டாரின் நிறுத்து முறுக்கம் 40 நியூற்றன் சென்ரிமீற்றர் அளவினது. உராய்வுக்கு ஒரு பங்கு கழித்தாலும் மிச்சம் ஏராளம்.

இந்த 17 என்ற எண்ணைப் பலர் பலத்தின் அளவென்று நினைக்கின்றனர். அப்படியன்று, மோட்டாரின் முகத்தட்டு 1.7 அங்குலச் சதுரம் என்பதே அதன் பொருள். நேமா 23 எனின் 2.3 அங்குலம். நான் வாங்கியவை 23. பெரிதாயின் நல்லதுதானே என்று எண்ணினேன். ஆனால் மோட்டாருக்குள்ளே சுழலும் பகுதிக்கும் சடத்துவம் உண்டு. தலையை ஓட்டுமுன் மோட்டார் தன்னையே ஓட்டவேண்டும். சிறிய மோட்டாரின் சுழலியினது சடத்துவம் 54 கிராம் சதுர சென்ரிமீற்றர் அளவினது. அதைக் கப்பியின் ஆரையின் வர்க்கத்தால் வகுத்தால், தலையோடு மேலும் 130 கிராம் கட்டிவிட்டதற்குச் சமம். பெரியதன் சடத்துவம் 300 அளவில் வரும். அது முக்காற் கிலோகிராமுக்குச் சமம். தலையிலும் கனமான சுமையொன்றை நானே விலைகொடுத்து வாங்கிப் பூட்டியிருந்தேன். நெடுக்காக ஓடும் குறுக்குச் சட்டம் இரண்டு மூன்று கிலோகிராம் இருக்கலாம். அங்கே உடல் நீண்ட 17 ஒன்றோ, இருபுறத்திலும் ஒவ்வொன்றாக இரண்டோ பூட்டுவது நியாயம்.

இனி, புதியவர்களை மிகவும் குழப்பும் விஷயத்துக்கு வருவோம். மோட்டாரின் விபரத்தாளிலே 3 வோல்ற்று என்றிருக்கும். அறிந்தவர்களோ 24 வோல்ற்றுக் கொடு என்பார்கள். எரிந்துபோகாதா? போகாது. நடுவிலேயிருக்கும் டிரைவர் என்னும் சிறு பலகை, மின்னோட்டம் குறித்த அளவை எட்டியதும் துண்டித்துத் துண்டித்து அவ்வளவிலே நிறுத்துகின்றது. அப்படியாயின் உயர்ந்த வோல்ற்றளவு எதற்கு? சுருளுக்குத் தூண்டுதிறன் என்றொரு குணம் உண்டு; அது மின்னோட்டத்தை உடனே ஏறவிடாது. 3 மில்லிஹென்றி தூண்டுதிறனுள்ள சுருளிலே 1.5 அம்பியர் ஏறுவதற்கு, 12 வோல்ற்றில் 0.37 மில்லிசெக்கனுக்கு மேல் ஆகும். 24 வோல்ற்றில் 0.19 போதும். தலை செக்கனுக்கு 300 மில்லிமீற்றர் ஓடும்போது மோட்டார் செக்கனுக்கு 1,500 படி வைக்கின்றது. ஒரு படிக்கு உள்ள அவகாசம் 0.67 மில்லிசெக்கன். அதிற் பாதிக்கு மேல் மின்னோட்டம் ஏறுவதிலேயே கழிந்தால் முறுக்கம் எங்கிருந்து வரும்? நிறுத்து முறுக்கம் என்பது நிற்கும் மோட்டாரின் பலம். ஓடும் மோட்டாரின் பலம் வேகம் கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும். ஆகவே விபரத்தாளிலே நிறுத்து முறுக்கத்தைப் பார்க்குமுன் தூண்டுதிறனைப் பாருங்கள். 2 முதல் 4 மில்லிஹென்றி வரை நன்று. பழைய அச்சுப்பொறிகளிலிருந்து கழற்றும் மோட்டார்கள் சிலவற்றில் சுருளின் தடை 30 ஓமுக்கு மேலிருக்கும். அத்தகையவற்றின் தூண்டுதிறனும் மிகுதியாதலால், அவை மெதுவான வேலைக்கே உதவும்.

கழற்றிய மோட்டாரின் கம்பிகளில் எவை ஒரே சுருள் என்றறியப் பல்மானி வேண்டுமென்பதில்லை. இரண்டு கம்பிகளின் நுனிகளை முறுக்கிச் சேர்த்து அச்சைக் கையால் திருப்புங்கள். இறுக்கம் தெரிந்தால் அவை இரண்டும் ஒரு சோடி.

டிரைவரிலே மின்னோட்டத்தை அளவாக வைக்கவேண்டும். ஏ-4988 என்ற சில்லுள்ள பலகையிலே, உணர்தடை 0.1 ஓமாயின், சிறு திருகியில் அளக்கும் 0.8 வோல்ற்று ஓர் அம்பியருக்குச் சமம். சில பலகைகளில் அத்தடை 0.05 ஓம்; அங்கே அதே 0.8 வோல்ற்றுக்கு இரண்டு அம்பியர் ஓடிவிடும். ஆகவே தடைமேலுள்ள எண்ணை வாசித்த பின்னரே திருகியைத் தொடுக. மோட்டாரின் குறித்த அளவில் நூற்றுக்கு எழுபதிலே தொடங்குவது என் வழக்கம். மோட்டார் கைபொறுக்காத சூடேறினாலும் அதற்குக் கேடில்லை. அதைத் தாங்கும் பிளாஸ்டிக் பிடிக்குத்தான் கேடு, அது 60 பாகையிலேயே இளகலாம். மின்சாரம் இருக்கும்போது மோட்டாரின் கம்பியைப் பிடுங்கவே கூடாது. அக்கணமே டிரைவர் இறந்துவிடும்.

ஒரு படியைப் பல நுண்படிகளாக வகுக்கும் வசதியும் டிரைவரில் உண்டு. பதினாறாக வகுத்தால் நாம் கொண்ட கப்பியிலே மில்லிமீற்றருக்கு 80 நுண்படி. ஓட்டம் மென்மையாகும், குறைந்த வேகத்திலே பரிவினால் எழும் அதிர்வும் அடங்கும். ஆனால் நுண்படியைப் பெருக்கினால் திருத்தம் பெருகுமென்பது வீண் நம்பிக்கை. மோட்டாரின் இயல்பான பிழையே ஒரு படியில் நூற்றுக்கு ஐந்து, அதாவது 0.01 மில்லிமீற்றர், கதிர் குவியும் புள்ளியோ 0.1 மில்லிமீற்றருக்குக் குறைவது அரிது.

இப்போது அந்த மாலைப்பொழுது. வாசிகசாலை ஒன்றுக்குப் பெயர்ப்பலகை செதுக்கிக்கொண்டிருந்தேன். கனத்த மோட்டார், 12 வோல்ற்று, நான் பேராசையோடு வைத்த வேகம். தேநீர் குடிக்க உள்ளே போன வேளை, தலை ஒரு திருப்பத்தில் படி தவறி நின்றுவிட்டது. மோட்டார் முனகியது, கட்டுப்பாட்டுப் பலகையோ எல்லாம் நடக்கின்றதென்று நம்பிக் கதிரை ஏவிக்கொண்டேயிருந்தது. மணம் மூக்கில் ஏறி ஓடிவந்தபோது ஒட்டுப்பலகையிலே சாணளவு சுவாலை. ஈரச்சாக்கு அகப்பட்டதால் கொட்டகை தப்பியது.

அதன்பின் சிறிய மோட்டார்களும் 24 வோல்ற்றும் பூட்டி, முறையாகச் சோதித்தேன். சோதனை இதுதான். பலகையில் ஒட்டுத்தாளொன்றை ஒட்டி, மிகக் குறைந்த சக்தியிலே ஒரு புள்ளி இடுக. பின் கதிரை அணைத்துவிட்டு, தலையை மூலைக்கு மூலை நூறு தடவை விரைவாக ஓடவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வரச்செய்து மீண்டும் ஒரு புள்ளி இடுக. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் படி தவறவில்லை. ஆர்முடுகலைச் சிறிது சிறிதாக உயர்த்திப் புள்ளிகள் பிரியும் எல்லையைக் கண்டு, அதிற் பாதியையே வைக்கவேண்டும். ஓடுபாதையிலே தூசும் புகைக்கறியும் படியும் நாட்களுக்கு மற்றப் பாதி. என் பொறியிலே குறுக்கோட்டம் 4,200இல் தவறியது, 2,000 வைத்தேன். நெடுக்கோட்டத்துக்கு 700 போதுமாயிற்று.

ஆர்முடுகல் குறைவாயின் வேறொரு குறை தோன்றும்: மூலைகளில் தலை தயங்கும்போது அவ்விடம் கூடுதலாகக் கருகும். ஜி.ஆர்.பி.எல். என்னும் திறந்த மென்பொருளின் லேசர் முறையிலே, எம்-4 என்ற கட்டளை வேகத்துக்கு ஏற்பக் கதிரின் சக்தியையும் குறைக்கின்றது. கருகல் பெரிதும் மறையும். தலை படி தவறி நின்றுவிட்டால் மட்டும் அது உதவாது, ஏனெனில் தலை நின்றது அதற்குத் தெரியாது.

பெயர்ப்பலகையை அந்த எண்களோடு மறுபடி செதுக்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தீயணைக்கும் குழாய் கையெட்டும் தூரத்தில் இருந்தது. தேநீர் கொட்டகைக்கே வந்தது.