நிழலே பாடம்: பிள்ளைகளுக்கு ஒளியின் இயல்பைக் கற்பிக்கும் முறை

(கிராம ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



ஐக்கிய சங்கக் கூட்டங்களில் கடன், தவணை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். இன்று நான் நிழலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிழலுக்கும் சங்கத்திற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே.

ஒரு சங்கம் நல்ல நிலையில் நடப்பதற்கு மூலகாரணம் யாது? அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பற்று வரவைத் தாமே பார்த்துத் தெரிந்துகொள்வதும், தராசின் முள்ளைத் தம் கண்ணாலேயே கவனிப்பதும் அன்றோ? பிறர் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் அங்கத்தினர்கள் மிகுந்த சங்கம் நெடுநாள் நிலைப்பதில்லை. சொன்னதைக் கண்டு, அளந்து, பிறகு ஒப்புக்கொள்ளும் பழக்கம் நாற்பதாவது வயதில் திடீரென்று வந்துவிடாது. ஏழெட்டு வயதிலேயே அதைப் பழக்க வேண்டும். அப்படிப் பழக்குவதற்கு மிகவும் சுலபமானதும் செலவில்லாததுமான சாதனம் ஒளியும் நிழலுமே ஆகும்.

முதலாவது, பிள்ளைகள் நிழலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதை நாம் அறிய வேண்டும். ஸ்விட்ஸர்லாந்து தேசத்துப் பண்டிதராகிய ஜீன் பியாஜே என்பவர் சிறுவர்களோடு பேசி அவர்கள் எண்ணங்களைச் சோதித்து, 1927-ம் வருஷத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சிறு குழந்தைகள் நிழலை ஒரு பொருளாகவே கருதுகிறார்கள் என்றும், அது உடம்பினின்று வெளிப்படுவதாக எண்ணுகிறார்கள் என்றும் அவர் அதில் எழுதியிருக்கிறார். நம் வீட்டுக் குழந்தைகளை விசாரித்தாலும் இவ்வித மறுமொழிகள் கிடைக்கக்கூடும். நிழல் ஒரு பொருளன்று. வெளிச்சம் வராத இடமே நிழல் என்பதை வாயால் நூறு தடவை சொன்னாலும் குழந்தையின் மனத்தில் அது பதியாது. குழந்தை அதை ஒப்புவிக்கும், ஆனால் நம்பாது. ஆகையால் நாம் கைக்கொள்ள வேண்டிய முறை வேறு. எதையும் காட்டுவதற்கு முன், என்ன நடக்கும் என்று குழந்தையையே சொல்லச் செய்யுங்கள். அதன் பிறகு செய்து காட்டுங்கள். சொன்னதும் கண்டதும் ஒத்திருக்கின்றனவா என்று அதுவே தீர்மானிக்கட்டும். தவறாகச் சொன்ன குழந்தையைப் பரிகசிக்கலாகாது. தவறாகச் சொல்லிவிட்டுத் தானே திருத்திக்கொள்வதுதான் இங்கே பாடம்.

இரவில் செய்ய வேண்டிய சோதனைகளை முதலில் சொல்லுகிறேன். மின்சார விளக்கை அணைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் அருகில் இருக்க, ஒரே ஓர் அகல் விளக்கை ஏற்றி வையுங்கள். சுவருக்கும் விளக்கிற்கும் நடுவே ஒரு கிண்ணத்தைப் பிடியுங்கள். "தம்பி, இதை விளக்கின் அருகே கொண்டு போனால் நிழல் பெரிதாகுமா, சிறிதாகுமா?" என்று கேளுங்கள். அவன் சொன்ன பிறகு கொண்டு போங்கள். நிழல் பெரிதாகும். இப்பொழுது இரண்டாவது விளக்கை ஏற்றினால் நிழல் எத்தனை என்று கேளுங்கள். சுவரில் இரண்டு நிழல்கள் தோன்றும். ஒரு விளக்கின் நிழலில் மற்ற விளக்கின் வெளிச்சம் படுவதால் அவை மங்கலாக இருக்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடத்தில் மாத்திரம் இருள் கனமாயிருக்கும். நிழல் உடம்பினின்று புறப்படும் பொருளானால், விளக்கு ஒன்று கூடியதும் அது எப்படி இரண்டாகும்? இக்கேள்வியைக் குழந்தையின் முன் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். விடையை அது தானே கண்டுபிடிக்கும்.

வெளிச்சம் நேர்க்கோட்டில் செல்கிறது என்பது அடுத்த பாடம். மூன்று அட்டைகளில் ஒரே உயரத்தில் துளை செய்து, வரிசையாக நிறுத்தி, மூன்று துளைகளிலும் ஒரு தென்னை ஈர்க்கை நுழைத்துச் சரி பார்த்து, பின்பு ஈர்க்கை உருவிவிடுங்கள். துளை வழியே பார்த்தால் விளக்கின் சுடர் தெரியும். நடு அட்டையை ஒரு விரற்கடை நகர்த்தினால் சுடர் மறைந்துவிடும். வெளிச்சம் வளைந்து செல்லுமானால் மறையக் காரணமில்லை. நிழலுக்கு ஓரம் உண்டாவதும் இதனாலேயே.

இனிப் பகற்பாடம். இதற்குச் சங்கத்தின் களமோ பள்ளிக்கூடத்து முற்றமோ போதும். சமமான தரையில் ஒரு மீட்டர் நீளமுள்ள கோல் ஒன்றைத் தூக்குக் குண்டு கட்டிச் செங்குத்தாக நாட்டுங்கள். நம் சிற்பிகள் திசை காண்பதற்கு நாட்டும் சங்கு என்பது இதுவே. கோலின் அடியை மையமாக வைத்துக் கயிற்றினால் ஒரு வட்டம் வரையுங்கள். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தில் ஒரு முளை அடியுங்கள். நிழல் குறுகி வட்டத்தினுள்ளே வந்து, மறுபடியும் நீண்டு, பிற்பகலில் வட்டத்தைத் தொடும் இடத்தில் மற்றொரு முளை அடியுங்கள். இரண்டையும் சேர்த்துக் கோடு இழுத்தால் அதுவே கிழக்கு மேற்கு. காந்த ஊசியும் வேண்டாம், கடிகாரமும் வேண்டாம்.

அன்றன்று நிழல் மிகவும் குறுகியிருக்கும் நேரமே நடுப்பகல். அந்நேரத்து நிழலை வாரத்திற்கு ஒரு முறை அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வரச் செய்யுங்கள். மதுரைச் சீமையில் டிசம்பர் மாதம் 21-ந் தேதியை ஒட்டி, 100 சென்டிமீட்டர்க் கோலின் நடுப்பகல் நிழல் வடக்கே சுமார் 66 சென்டிமீட்டர் விழும். பிறகு வாரந்தோறும் குறைந்துகொண்டே வரும். ஏப்ரல் 16-ந் தேதியை ஒட்டி, பகல் சுமார் 12 மணி 18 நிமிஷத்திற்கு, நிழல் கோலின் அடியிலேயே ஒடுங்கிவிடும். சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாள் அது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10-ந் தேதியையும், சென்னையில் 24-ந் தேதியையும் ஒட்டி இவ்வாறு நிகழும். அதன் பிறகு நடுப்பகல் நிழல் தெற்கே விழத் தொடங்கும். மதுரையில் ஜூன் மாதம் 21-ந் தேதியை ஒட்டித் தெற்கே சுமார் 24 சென்டிமீட்டர் வரை நீண்டு, மறுபடியும் குறுகி, ஆகஸ்டு 27-ந் தேதியை ஒட்டி இரண்டாம் முறையாக மறையும். லண்டனிலோ டில்லியிலோ உள்ள பிள்ளை இதைக் காண முடியாது. அவ்வூர்களில் சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வருவதில்லை. நடுப்பகல் நிழல் வடக்கேதான் விழும் என்று ஒருவர் சொன்னால், வருஷத்தில் நான்கு மாதத்திற்கு மேல் அது நம் ஊரில் பொருந்தாது என்று, நோட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டும் தைரியம் நம் பிள்ளைக்கு உண்டாகும்.

இதனால் குடியானவனுக்குப் பிரயோஜனம் இல்லை என்று நினைக்க வேண்டாம். மார்கழி மாதத்தில் தெற்குத் தாழ்வாரத்தினுள் வெயில் ஏன் நெடுந்தூரம் புகுகிறது, ஆனி மாதத்தில் ஏன் புகுவதில்லை என்பதைப் பிள்ளை தானே சொல்லும். வயலின் தென்வரப்பில் 10 மீட்டர் உயரமுள்ள மரம் நின்றால், மார்கழி நடுப்பகலில் அதன் நிழல் வடக்கே ஆறரை மீட்டர் தூரம் பயிரின்மேல் விழும். எந்த வரப்பில் மரம் வைக்கலாம், பக்கத்து வயற்காரனுக்கு எவ்வளவு நஷ்டம் என்பதைச் சண்டையில்லாமல் கணக்கிட்டுத் தீர்த்துக்கொள்ளலாம். பனைமரத்தின் உயரத்தை அறிய ஏற வேண்டியதில்லை. கோலின் நிழல் கோலின் நீளத்திற்குச் சமமாகும் வேளையில் பனையின் நிழலை அளந்தால் அதுவே பனையின் உயரம்.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். இது கண்ணைப் பற்றியது. கிரகண காலத்தில் பிள்ளைகளை வீட்டிற்குள் அடைத்து வைப்பது பல ஊர்களில் வழக்கம். அடைத்து வைத்தாலும் சில பிள்ளைகள் திருட்டுத்தனமாக வெளியே வந்து சூரியனை நேராகப் பார்த்துவிடுகிறார்கள். ஆபத்து அதில்தான் இருக்கிறது. கண்ணின் உட்புறத்திலுள்ள விழித்திரைக்கு நோவு தெரியும் நரம்பு கிடையாது. ஆகையால் அது வெந்துபோகும்போது வலிக்காது. சில மணி நேரம் கழித்துத்தான் பார்வையின் நடுவில் மறைப்பு விழுந்திருப்பது தெரியும். அது முற்றிலும் தீராமலே போவதும் உண்டு. கிரகணத்தில் புதிய விஷம் ஒன்றும் பிறப்பதில்லை. மற்ற நாட்களில் கூச்சத்தினால் கண்ணை மூடிக்கொள்கிறோம். கிரகணத்தில் வெளிச்சம் குறைவதால் மூடாமல் பார்க்கிறோம். கேடு அவ்வளவே.

தாம்பாளத்துத் தண்ணீரில் பார்த்தால் பழுதில்லை என்று சிலர் கருதுகிறார்கள். சூரியன் உச்சியிலிருக்கும்போது தண்ணீர் நூற்றில் சுமார் இரண்டு பங்கு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. சூரியனைப் பார்ப்பதற்கென்று செய்யப்படும் கண்ணாடியோ லட்சத்தில் சுமார் மூன்று பங்குக்குமேல் ஒளியை உள்ளே விடக்கூடாது என்பது விதி. நூற்றில் இரண்டு என்பது லட்சத்தில் இரண்டாயிரம். இக்கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். தண்ணீரும், கரி பிடித்த கண்ணாடியும், பழைய பிலிமும் ஏன் உதவாவென்று அவர்களே சொல்லுவார்கள்.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று பார்க்க வேண்டும். ஓர் அட்டையில் ஊசித்துளை செய்து, அதன் வழியே வரும் ஒளியை ஒரு மீட்டர் தூரத்திலுள்ள வெள்ளைத்தாளில் விழச் செய்தால், சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்தில் சூரியனின் பிம்பம் விழும். துளை வழியே சூரியனை நோக்கலாகாது. தாளை மாத்திரமே பார்க்க வேண்டும். மரத்தடியில் இலைகளின் சந்து வழியே விழும் வட்ட வட்டமான வெளிச்சப் பொட்டுகளும் இத்தகைய சூரிய பிம்பங்களே. வெளிச்சம் நேர்க்கோட்டில் செல்லுவதால்தான் சிறு துளையின் வழியே பிம்பம் உண்டாகிறது. கிரகணத்தன்று ஒரு பூந்திக் கரண்டியை வெயிலில் பிடித்துப் பாருங்கள். தரையில் நூறு பிறைகள் தோன்றும்.

கிரகணமும் நிழலேயென்பதை விளக்கையும் பந்தையும் கொண்டு காட்டலாம். நம் நாட்டு ஆரியபடர் 499-ம் வருஷத்திலேயே சூரியனைச் சந்திரன் மறைக்கிறதென்றும், சந்திரனைப் பூமியின் நிழல் மறைக்கிறதென்றும் எழுதி வைத்தார். சூரியன் சந்திரனைவிடச் சுமார் 400 மடங்கு அகலமானது. அதே சமயத்தில் சுமார் 400 மடங்கு தூரத்திலும் இருக்கிறது. அதனாலேயே இரண்டும் நம் கண்ணுக்கு ஏறக்குறைய ஓரளவாய்த் தோன்றுகின்றன. சந்திரன் சற்றுத் தூரத்திலிருக்கும்போது சூரியனை முழுதும் மூட மாட்டாமல் சுற்றிலும் கங்கணம்போல் ஒளி எஞ்சும். 2019-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டைப் பகுதிகளில் அவ்விதம் தோன்றிற்று. 2031-ம் வருஷம் மே மாதம் 21-ந் தேதி கேரளத்திலும் தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் மறுபடியும் தோன்றும். ஸ்நானமும் ஜபமும் அவரவர் அனுஷ்டானம். அவற்றிற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பிள்ளையின் கண்ணைக் காப்பது அடைத்த கதவன்று, அதற்குள்ள அறிவே என்று மாத்திரம் சொல்லுகிறேன். அடைத்து வைத்தவன் ஒரு நாளைக்குக் காப்பான். கற்றுக்கொடுத்தவன் ஆயுள் முழுதும் காப்பான்.

ஆகவே உங்கள் யோசனைக்குச் சில காரியங்களைச் சமர்ப்பிக்கிறேன். களத்தின் ஒரு மூலையைச் சங்கம் இதற்கென்று ஒதுக்கட்டும். கோல் நாட்டுவதற்கு ஒரு தச்சரும் கொத்தனாரும் ஒரு பொழுது உதவினால் போதும். நிதியிலிருந்து பணம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்து உபாத்தியாயரைக் கலந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பிள்ளைகள் நடுப்பகல் நிழலை அளக்கட்டும். ஒருவர் அளக்க, மற்றவர் மறுபடி அளந்து சரி பார்த்து, இருவரும் நோட்டுப் புத்தகத்தில் கையெழுத்திடட்டும். இருவர் அளவும் ஒத்துவராவிட்டால் இரண்டையும் எழுதி வைக்கட்டும், அழித்து எழுதலாகாது. பெண் குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். வருஷ முடிவில் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை படித்த பின்னர், பிள்ளைகளின் நிழற்கணக்கையும் அவர்களே எழுந்து படிக்கட்டும். அங்கத்தினர் கேள்வி கேட்கட்டும். அவர்கள் மறுமொழி சொல்லட்டும்.

இப்பிள்ளைகள்தாம் நாளை இச்சங்கத்தின் அங்கத்தினர்கள். அன்று சங்கத்தின் பேரேடு அவர்கள் முன் வைக்கப்படும்போது, "நாங்களும் ஒரு முறை கூட்டிப் பார்க்கிறோம்" என்று அவர்கள் கூச்சமின்றிச் சொல்வார்களானால், இந்தக் கோல் நாட்டிய உழைப்பு வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்ததென்று கொள்ளலாம்.