பதினாலு பிள்ளைங்க வேணும்: ராஜபாளையத்தில் ஒரு டே கேர்

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு டெக் பேச்சு கொஞ்சம் கம்மி. என் சித்தி ராஜபாளையத்துல ஒரு டே கேர் நடத்துறாங்க. அதுக்குக் குடும்பங்களைக் கூட்டிட்டு வர நான் என்னென்ன பண்ணேன், அதுல எது வேலைக்கு ஆகல, கடைசியில எது ஆச்சு, அதைத்தான் பேசப்போறேன். சித்திகிட்ட கேட்டுட்டுதான் பேசுறேன்.

ஆரம்பிச்ச முதல் மாசம் சித்திக்கு ஒரு போன். "அம்மா, வர்ற ஞாயிறு பையனுக்குப் பிறந்தநாள். உங்க பிள்ளைங்களுக்கு மதியச் சாப்பாடு போடலாம்னு இருக்கோம். எத்தனை பேர் இருக்காங்க?" சித்திக்குப் புரியல. "ஞாயித்துக்கிழமை எல்லாரும் அவங்கவங்க வீட்ல இருப்பாங்களேங்க"ன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பக்கம் பேச்சே இல்ல.

அவர் எங்க போர்டைப் பாத்து, அது ஆதரவில்லாத பிள்ளைங்க இருக்கிற இல்லம்னு நெனச்சிருக்கார். போர்டுல "குழந்தைகள் காப்பகம்"னு பெருசா எழுதியிருந்துச்சு. எழுதச் சொன்னது நான்தான். தமிழ்ல இருந்தா அழகா இருக்கும்னு நெனச்சேன். நம்ம ஊர்ல காப்பகம்னா ஜனங்க மனசுல என்ன வரும்னு யோசிக்கவே இல்ல.

கணக்கு

சித்தி பத்து வருஷம் நர்சரி டீச்சரா இருந்தவங்க. நகையை அடகு வச்சுதான் இதை ஆரம்பிச்சாங்க. வாடகை 9,000. ரெண்டு ஆயாம்மாவுக்கு ஆளுக்கு 7,000. பால், சாப்பாடு, கேஸ், கரண்ட் எல்லாம் சேர்த்து 5,000. மாசம் 28,000 ரூபா செலவு. ஒரு பிள்ளைக்கு பீஸ் 2,000. அதாவது பதினாலு பிள்ளைங்க இருந்தா சித்தி கைக்கு ஒண்ணும் வராது, ஆனா கையிலிருந்தும் போகாது. மூணு மாசம் கழிச்சு இருந்தது மூணே பிள்ளைங்க. மாசம் 22,000 நஷ்டம். "இன்னும் மூணு மாசம் பாப்பேன் தம்பி. அப்புறம் பூட்டிட்டு நகையை மூட்டுற வழியைப் பாக்கணும்"னாங்க.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீட்ல இருந்தே வேலை பாக்குறவன். எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன். வெப்சைட் போட்டேன், கூகுள் மேப்ல ஏத்தினேன், இன்ஸ்டாகிராம்ல 5,000 ரூபாய்க்கு விளம்பரம் விட்டேன். ஆறு போன் வந்துச்சு. நாலு பேர் "எல்கேஜி அட்மிஷன் இருக்கா"ன்னு கேட்டாங்க. ஒருத்தர் வேலை கேட்டார். இன்னொருத்தர் எனக்கே வெப்சைட் போட்டுத் தர்றேன்னார்.

கேட்டுப் பாத்தது

வேலையில ஒரு பக் வந்தா முதல்ல லாக் பாப்போம். இங்க லாக் கிடையாது, நேர்ல போய்த்தான் கேக்கணும். ரெண்டு வாரம் சாயங்காலம் பைக்கை எடுத்துட்டுப் போனேன். இந்தப் பக்கம் வேலைங்கறது ஒரே மாதிரி இல்ல. ராஜபாளையத்துல நூற்பாலைங்க, சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணி, தளவாய்புரம், முகவூர்ல நைட்டி தையல். ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாவட்ட கோர்ட், கிருஷ்ணன்கோவில்ல யுனிவர்சிட்டி. காலையில பஸ் ஏறிப் போற அம்மாக்கள் நிறைய பேர்.

முதல்ல தெரிஞ்சது நேரம். நாங்க ஒன்பதரைக்குத் திறந்தோம். ஒன்பதரைக்குள்ள கோர்ட்லயோ காலேஜ்லயோ இருக்க வேண்டியவங்க எட்டு மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பணும். மில்லுக்குப் போறவங்க அதுக்கும் முன்னாடி. எங்களுக்கு யார் வேணுமோ, அவங்க கடந்து போறப்போ எங்க கதவு பூட்டியிருந்துச்சு.

ரெண்டாவது பணம். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற ஒரு அக்கா சொன்னாங்க: "எங்களுக்குச் சனிக்கிழமை சம்பளம் தம்பி. மொத்தமா ரெண்டாயிரம் முன்னாடியே கட்டுன்னா எங்க போக?"

மூணாவதுதான் பெருசு. முடிவு எடுக்கிறது பெரும்பாலும் பிள்ளையோட அம்மா இல்ல. அப்பத்தாவோ அம்மாச்சியோதான். "பெத்த பிள்ளையை யார்கிட்டயோ விட்டுட்டுப் போறா"ன்னு தெருவுல பேசுவாங்கங்கற பயம் வேற. மூட்டு வலியோட ஒன்றரை வயசுப் பிள்ளை பின்னாடி ஓடிக்கிட்டிருந்த ஒரு அப்பத்தாகிட்ட கேட்டேன். "என்னால முடியலதான்யா. ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நான் விளம்பரத்தைக் காட்டினது அம்மாக்களோட போனுக்கு. கேள்வி இருந்தது அப்பத்தாகிட்ட.

மாத்தினது

போர்டுல இப்போ "பகல்ல பிள்ளைங்களைப் பாத்துக்கிற இடம். காலை 7 முதல் மாலை 6.30"னு எளிமையா இருக்கு. பீஸை வாரத்துக்கு 500 ரூபான்னும் கட்டலாம். புதுசா சேர்ற பிள்ளையோட முதல் வாரம் வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் உள்ள உக்காந்து பாக்கலாம். அதுக்கப்புறமும் எப்போ வேணா வரலாம், போன் பண்ணிட்டு வரணும்னு இல்ல. 2017-ல மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினப்போ, வேலை செய்யற அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை க்ரீச்சுக்குப் போய்ப் பிள்ளையைப் பாக்கலாம்னு சேர்த்தாங்க. அதுல ஒரு நியாயம் இருக்கு. எப்போ வேணா பாக்கலாம்னா, எப்பவும் பாக்கத் தேவையில்லாத நம்பிக்கை தானா வரும்.

அந்த அப்பத்தா அஞ்சு நாள் வந்து உக்காந்தாங்க. மூணாவது நாளே ஆயாம்மாவுக்கு வெங்காயம் உரிச்சுக் குடுத்தாங்க. அடுத்த மாசம் அதே தெருவுல இருந்து நாலு பிள்ளைங்க.

ரெண்டு வயசு தாண்டின பிள்ளை, வீட்ல ஆள் இருக்கு, பாதி நாள் போதும்னு வர்றவங்ககிட்ட சித்தியே சொல்லிடுவாங்க: "பக்கத்துல பால்வாடி இருக்கு, காசு இல்ல, சாப்பாடும் முட்டையும் குடுக்கிறாங்க. அங்க விடுங்க." 1975-லிருந்து நடக்கிற அங்கன்வாடித் திட்டத்தோட நாங்க போட்டி போட முடியாது, போடவும் கூடாது. ரெண்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க, ஷிஃப்டுக்கும் பஸ்ஸுக்கும் போற அம்மாக்கள், இவங்களுக்குத்தான் நாங்க.

ஒரு தப்பு

ஆறாவது மாசம் பதிமூணு பிள்ளைங்க ஆயிட்டாங்க. அப்போ ஒரு பையன் வாசப்படியில தடுக்கி விழுந்து நெத்தியில சின்னக் காயம். மருந்து போட்டுட்டு, சாயங்காலம் கூப்பிட வரும்போது சொல்லிக்கலாம்னு சித்தி விட்டுட்டாங்க. வேலையில இருக்கிற பொண்ணை எதுக்குப் பதற வைக்கணும்னு நெனச்சாங்க. அந்த அம்மா வந்து பாத்துட்டு ஒண்ணுமே பேசல. மறுநாள் பிள்ளை வரல. அந்த வாரமே அவங்க சொந்தக்காரங்க வீட்டுப் பிள்ளைங்க ரெண்டு பேரும் நின்னுட்டாங்க.

சித்தி அவங்க வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டாங்க. அவங்க திரும்பி வரல. இப்போ விதி ஒண்ணுதான்: விழுந்தாலும், காய்ச்சல் அடிச்சாலும், கடிச்சுக்கிட்டாலும் அஞ்சு நிமிஷத்துல போன் போகணும். காயத்தை விட, மறைச்சிட்டாங்கங்கற எண்ணம்தான் குடும்பத்தை வெளிய அனுப்புது.

அடுத்து மில்

இப்போ பதினேழு பிள்ளைங்க. இதுக்கு மேல சேர்க்கணும்னா இன்னொரு ஆயாம்மா வேணும். 2018-ல மத்திய அரசு வெளியிட்ட க்ரீச் வழிகாட்டியில மூணு வயசுக்குக் கீழ பத்துப் பிள்ளைக்கு ஒருத்தர்னு இருக்கு. நாங்க அதைத் தாண்டுறதில்ல.

இன்னொரு வழி இருக்கு. 1948 தொழிற்சாலைகள் சட்டமே குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல பெண்கள் வேலை செஞ்சா, ஆறு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்களுக்கு இடம் வேணும்னு சொல்லிருச்சு. 2017 திருத்தம் 50 ஊழியர்னு வச்சுது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புல, நிறுவனங்கள் தனியார் நடத்துற பொது க்ரீச்சையும் பயன்படுத்திக்கலாம்னு இருக்கு. அதாவது நம்மள மாதிரி சின்ன இடம் ஒரு மில்லோட பேசி, பத்து இடத்தை அவங்க செலவுல ஒதுக்கலாம். பக்கத்துல ஒரு இடத்துல பேசிட்டிருக்கோம், முடிவாகல. நைட் ஷிஃப்டுக்குப் போற அம்மாக்களுக்கு எங்ககிட்ட இன்னும் பதில் இல்ல.

அடகு நகையில ஒரு செயின் திரும்பி வந்திருக்கு, வளையல் இன்னும் வரல. வெப்சைட்டை நான் எடுத்துட்டேன், கூகுள் மேப் மட்டும் இருக்கு, வழி தெரியாம வர்றவங்களுக்கு.

நீங்களும் இந்த மாதிரி இடம் நடத்துறீங்கன்னா, விளம்பரத்துக்குக் காசு எடுக்கிறதுக்கு முன்னாடி உங்க தெரு வழியா பிள்ளையைத் தூக்கிட்டு யார் எத்தனை மணிக்குப் போறாங்கன்னு ஒரு வாரம் வாசல்ல நின்னு பாருங்க. அடுத்த எபிசோடுல பாப்போம்.